‘படிக்க நல்ல கதையா ஒண்ணு சொல்லு கண்ணு!’ - மோகனூரில் ஒரு வாரமும் ஒரு பை நாவல்களும்

"நீ பத்திரிகையிலதான வேல பாக்கற... படிக்க நல்ல கதையா ஒண்ணு சொல்லு கண்ணு!"

ஆடிப்பெருக்குக்காக ஊருக்குப் போயிருந்தபோது என் அத்தை கேட்டது இது. காவிரியில் முளைப்பாரி விட்டுவிட்டு, ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையில் வாங்கல். அத்தை கேட்டதும் எனக்குச் சட்டென்று ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

இதில் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது. டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு அடிக்கடி வரும் வேலைகளில் ஒன்று, நாவல் லிஸ்ட் போடுவது. ‘தவறவிடக் கூடாத 10 நாவல்கள்’, ‘வீக் எண்டில் படிக்க 5 த்ரில்லர்கள்’... நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த லிஸ்ட்களில் இருந்த புத்தகங்களில் பாதியை நான் முழுசாகப் படித்ததில்லை. பின்னட்டையைப் படித்து, நாலு பேர் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்து எழுதியவைதான். முகம் தெரியாத பத்தாயிரம் பேருக்கு லிஸ்ட் போடுவது சுலபம். எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு ஒரே ஒரு புத்தகம் சொல்வது அப்படியில்லை.

நல்லவேளை, ஈரோட்டில் இறங்கி புத்தகத் திருவிழாவில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். பை கனத்தது. அந்த ஒரு வாரமும் வீட்டில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சிலது பலித்தது. சிலது என் மூக்கை உடைத்தது. ஒன்று மட்டும் விளையாட்டாக முடியவில்லை.

போலீஸ்காரர் மகன் எழுதிய கள்ளன் கதை

முதலில் அம்மாயி. எண்பதைத் தாண்டியவர். கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு பொடி எழுத்து தெரிவதில்லை. "எனக்கெதுக்கு சாமி புத்தகம், டி.வி. போதும்" என்றார். அவரிடம், "மலைக்கள்ளன் படம் பாத்திருக்கீங்களா அம்மாயி?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த கதையை அரை மணி நேரம் சொன்னார். அதை எழுதியவர் நம்ம மோகனூர்க்காரர் என்றதும்தான் நம்ப முடியாமல் பார்த்தார்.

நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்தது மோகனூரில். பெயரில் நாமக்கல் ஒட்டிக்கொண்டதால் எங்கள் ஊருக்கு அந்தப் பெருமை பாதிதான் வந்து சேர்ந்தது. உப்பு சத்தியாகிரகப் பாட்டு, 1949-ல் அரசவைக் கவிஞர் பதவி, சென்னைத் தலைமைச் செயலகத்தில் அவர் பெயர் தாங்கிய பத்து மாடிக் கட்டடம்... இதெல்லாம் பலருக்கும் தெரியும். அவர் ஓர் அசல் சாகச நாவல் எழுதியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய அப்பா மோகனூரில் போலீஸ்காரர். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை ஒரு கள்ளனை ஹீரோவாக வைத்து எழுதியிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு அதைப் படமாக்கினார். எம்.ஜி.ஆர், பானுமதி நடிப்பு, கருணாநிதி வசனம். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான். தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று போய், இந்தியில் ‘ஆசாத்’ என்ற பெயரில் திலீப் குமார் நடித்தார். காவிரிக் கரையில் பிறந்த ஒருவர் எழுதிய கதை கொழும்பு வரை போயிருக்கிறது!

கவிஞரின் நூல்கள் நாட்டுடைமை ஆனதால் நாவல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொபைலில் இறக்கி, தினமும் சாயங்காலம் ஒரு அத்தியாயம் அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். பழைய நடைதான். ஆனால் கடத்தல், மாறுவேஷம், ‘அடுத்து என்ன?’ என்று இழுக்கும் முடிச்சு எல்லாம் இருக்கிறது. அம்மாயிக்கு ஒரே குறை. "எம்.ஜி.ஆர் இன்னும் வல்லியே!"

விடிய விடியப் படித்த மாமா

மாமா மோகனூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அரவை சீசனில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது டிபன் பாக்ஸோடு ஒரு ராஜேஷ்குமார் நாவலும் போகுமாம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரில் எத்தனை படித்திருக்கிறார் என்ற கணக்கு அவருக்கே தெரியாது. பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எல்லாம் அத்துப்படி. "இலக்கியம்னு சொல்லிட்டு எதையாச்சும் குடுத்துராத. ரெண்டாம் பக்கத்துல தூக்கம் வந்துரும்" என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

நான் கொடுத்தது பூமணியின் ‘வெக்கை’. 1982-ல் வந்த நாவல். புதுசு இல்லைதான், மாமாவுக்குப் புதுசு. வெற்றிமாறனின் ‘அசுரன்’ படத்துக்கு மூலக்கதை. படம் பார்த்த தைரியத்தில் வாங்கிக்கொண்டார். க்ரைம் நாவல் என்றால் கொலைகாரன் யார் என்பது கடைசிப் பக்கத்தில் தெரியவேண்டும். இதில் ஆரம்பத்திலேயே பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கொலை செய்துவிட்டு ஓடுகிறான். பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிவதுதான் கதை. ராத்திரி என்ன சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தார்கள்... அவ்வளவுதான்.

ரெண்டாம் நாள் காலை, சிவந்த கண்களோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "யாரு கொன்னதுன்னு மொதல்லயே சொல்லிப்போட்டாரு. அப்புறம் நான் எதுக்கு விடிய விடியப் படிச்சேன்னுதான் புரியல."

எந்த லிஸ்ட்டிலும் நான் இவ்வளவு நல்ல விமர்சனம் எழுதியதில்லை.

‘கதையில இருந்து கேள்வி வருமா?’

மாமா பையன் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறான். நாவல் என்றதும் அவன் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. சோகம் என்னவென்றால், நாவல்களின் பெயர்கள் அவனுக்கு என்னைவிட அதிகம் தெரியும். ‘பொருத்துக’ கேள்விக்காக மனப்பாடம் செய்திருக்கிறான். மலைக்கள்ளன் - நாமக்கல் கவிஞர். நாகம்மாள் - ஆர்.சண்முகசுந்தரம். பொய்த்தேவு - க.நா.சு. ஒன்றையாவது படித்திருக்கிறாயா என்றால், "படிச்சா டைம் வேஸ்ட்டுக்கா" என்றான். கோபப்பட முடியவில்லை. மூன்றாவது முறையாக எழுதப்போகிறான். வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பக்கத்தில் ஒரு ‘எப்பப்பா ரிசல்ட்?’ உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு வழியாக இழுத்துப் பார்த்தேன். "ஒரு நாலு இலக்க எண் சொல்லு. நாலும் ஒரே எண்ணா இருக்கக் கூடாது." கவிஞர் பிறந்த வருஷத்தையே சொன்னான்: 1888. பெரிசிலிருந்து சின்னதாக அடுக்கு, சின்னதிலிருந்து பெரிசாக அடுக்கு, கழி. 8881-லிருந்து 1888 போனால் 6993. அதையும் அதேபோல் செய்: 9963-லிருந்து 3699 போக 6264. மறுபடி, 4176. மறுபடி, 6174. அதற்கு மேல் என்ன செய்தாலும் 6174-தான் திரும்பத் திரும்ப வரும். எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு தடவைக்குள் இங்கே வந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்த டி.ஆர்.கப்ரேகர் மகாராஷ்டிராவில் ஒரு பள்ளி ஆசிரியர்.

ஆறேழு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிக்கா?" என்றான். பையிலிருந்து க.சுதாகரின் ‘6174’ நாவலை எடுத்து நீட்டினேன். கணிதப் புதிர், அறிவியல், பழந்தமிழ் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் துரத்திக்கொண்டு ஓடும் த்ரில்லர். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்குப் பிறகு தமிழில் அறிவியல் புனைகதை யார் எழுதுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர்களில் இது ஒன்று. நடுவில் தகவல்கள் கொஞ்சம் திணறடிக்கும், சொல்லிவிடுகிறேன். அவன் எண்பதாம் பக்கத்தில் மார்க் வைத்திருக்கிறான். பரீட்சை முடிந்ததும் படிப்பானாம். பார்ப்போம்.

அண்ணனைப் பற்றி ஒரு வரி. சு.வெங்கடேசனின் ‘வேள்பாரி’ இரண்டு பாகத்தையும் எப்போதோ முடித்துவிட்டு, "பாரிக்கு நூறு வாரத்துக்கு மேல தொடர் வந்துச்சு. நம்ம கொல்லிமலை ஓரிக்கு யாரு எழுதுவாங்க?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் மாவட்டத்துக்காரரின் நியாயமான ஆதங்கம். மு.ராஜேந்திரனின் ‘காலா பாணி’யைக் கொடுத்தேன். 2022-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. மருதுபாண்டியர் போருக்குப் பிறகு பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களின் கதை. "இதுல ராஜா ஜெயிக்கவே மாட்டாரா?" என்று கேட்டபடி படித்துக்கொண்டிருக்கிறார்.

குட்டிக்கும் அவள் அம்மாவுக்கும்

அண்ணன் மகள் ஏழாவது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யை ஒரே மூச்சில் முடித்தாள். கீழடியை வைத்து எழுதப்பட்ட சிறார் நாவல் அது. முடித்த கையோடு, தோட்டத்தில் வாழைக்குப் பக்கக்கன்று எடுக்கும் இடத்திலெல்லாம் பானை ஓடு தேட ஆரம்பித்துவிட்டாள். யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ புத்தகத்தை மட்டும் முதலில் அண்ணியிடம் கொடுத்தேன். தப்பான தொடுதலைப் பற்றிக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போடும் அம்மாக்களுக்கும் சேர்த்து எழுதப்பட்ட கதை அது. நீங்கள் இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு புத்தகம் வாங்குவதாக இருந்தால், வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால், அதை வாங்குங்கள்.

அண்ணி அதை ஒரு மத்தியானத்தில் படித்து முடித்து, "இத நானே அவளுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்று எடுத்து வைத்துக்கொண்டார். உற்சாகத்தில் அண்ணிக்கும் ஒரு கனமான நாவலை நீட்டினேன். சிரித்துவிட்டார்.

"அம்மணி, நீ சொல்ற நாவல்ல எல்லாம் கடைசியில யாராச்சும் செத்துப் போறாங்க. எனக்குக் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும்."

அண்ணி படிப்பது பிரதிலிபியில். ராத்திரி பத்தரைக்குப் பாத்திரம் எல்லாம் கழுவி வைத்த பிறகு, லைட்டை அணைத்துவிட்டு மொபைலில். தினம் ஒரு பாகம். எழுதுபவர்களில் பலர் அவரைப் போலவே வீட்டு வேலையை முடித்துவிட்டு எழுதும் பெண்கள். பாகம் முடிந்ததும் கீழே போய், ‘அவன் அவளை இப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று கமென்ட் போடுவார். சில சமயம் எழுதியவர் பதிலும் சொல்வாராம். ஒரு காலத்தில் என் அம்மா ரமணிசந்திரனை வாங்கிப் படித்த அதே ஆவல். கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கள் குடும்பத்தில் அதிகம் நாவல் படிப்பது அண்ணிதான். நான் அவரை வாசகர் கணக்கிலேயே இதுவரை சேர்க்கவில்லை என்பதை நினைத்து உள்ளுக்குள் கூசியது. அன்றிரவு அவர் சொன்ன ஒரு தொடரைப் படிக்க ஆரம்பித்தேன். பதினெட்டாம் பாகத்தில் இருக்கிறேன். மாமியார் பாத்திரம் அசத்தல்.

1950-களில் க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் தமிழ்ப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தி எழுதினார். புத்தகமாகவும் வந்தது. தமிழில் புத்தகம் பரிந்துரைப்பவர்கள் எல்லோருக்கும் அவர்தான் பெரியப்பா. அந்தத் தலைப்பை இப்போதெல்லாம் வேறு மாதிரி படிக்கிறேன். கேட்பதற்கு முன்னால் எதிரில் இருப்பவரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அத்தை விஷயத்தில் நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

அத்தைக்குக் கொடுத்த புத்தகம்

அத்தை பத்தாவது வரை படித்தவர். எண்பதுகளில் வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தவர். "கொல வேண்டாம், பேய் வேண்டாம். நம்ம ஊருப் பேச்சுல இருந்தா நல்லாருக்கும்" என்றார். நம்ம ஊர்ப் பேச்சு என்றதும் வேறு யோசிக்கவே தோன்றவில்லை. என் பழைய அலமாரியைத் திறந்து பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யை எடுத்துக் கொடுத்துவிட்டேன். 2013-ல் வந்த நாவல். ஆங்கிலத்தில் ‘பயர்’ என்ற பெயரில் போய், 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் நாவல் ஒன்று அந்தப் பட்டியலுக்குப் போனது அதுவே முதல் முறை.

அட்டையைப் பார்த்ததும் அத்தை கேட்டார். "பிரச்சின ஆச்சே, நாமக்கல் காலேஜ் வாத்தியாரு... அவருதான?"

அவரேதான். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பி, ‘எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான்’ என்று 2015 ஜனவரியில் அவர் எழுதியதும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மறுபடி எழுத வந்ததும் எங்கள் மாவட்டத்தில் நாவல் படிக்காதவர்களுக்கும் தெரியும். "எல்லாரும் திட்டுனாங்க. என்னதான் எழுதறாருன்னு பாக்கலாம்" என்று முந்தானையில் அட்டையைத் துடைத்து வாங்கிக்கொண்டார்.

நான் மறந்துபோன விஷயங்கள் இரண்டு. ஒன்று, ‘பூக்குழி’யின் கதை. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், வேறு சாதியில் பிறந்த சரோஜாவைக் கல்யாணம் செய்து சொந்த ஊருக்குக் கூட்டி வருகிறான். அவன் அம்மா மாராயி பேசும் பேச்சிலிருந்து, ஊர் அவளைப் பார்க்கும் பார்வையிலிருந்து நாவல் மெல்லக் கொதிக்கத் தொடங்கும். மூன்று வருஷம் முன்பு அத்தையின் மகள், என் கூடப் படித்தவள், வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அத்தை வாசலில் நின்று கத்தியதைத் தெருவே கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேச்சே இல்லை.

இரண்டாவது, அந்தப் புத்தகமே அவளுடையது. காலேஜில் படிக்கும்போது என்னிடம் கொடுத்துவிட்டு வாங்காமல் போனது. முதல் பக்கத்தில் நீல மையில் அவள் பெயர், வகுப்பு, தேதி.

நாலாம் நாள் ராத்திரி அத்தை போன் செய்தார். நான் சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். "இது அவ புத்தகமா?" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸாரி சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்த மாராயி பேசறதெல்லாம் நான் பேசுன பேச்சு கண்ணு. ஒரு வார்த்த மாறல. அந்தாளு எங்க நின்னு கேட்டாருன்னு தெரியல."

பஸ் ஹாரன் சத்தத்தில் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தபோது மறுபடி குரல் வந்தது.

"கடைசியில அந்தப் புள்ள பொழச்சாளா?"

நாவலின் முடிவில் அது சொல்லப்படவில்லை. படித்த காலத்தில் அந்த முடிவைப் பற்றி நண்பர்களிடம் பெரிதாக வாதாடியிருக்கிறேன், அதுதான் நாவலின் பலம் என்று. அத்தையிடம் அப்படியெல்லாம் பேச வாய் வரவில்லை. "தெரியலைங்க அத்த. எழுதுனவரு சொல்லாம விட்டுட்டாரு" என்றேன்.

"சொல்லாம எப்படி வுடலாம்? பெத்தவ ஒருத்தி படிப்பாள்ல?" அத்தைக்கு நிஜமாகவே கோபம்.

மறுவாரம் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலைக் கூரியரில் அனுப்பினேன். 2023-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்று. காரு மாமா என்ற ஒருவரின் சாவுக்கு, பேச்சுவார்த்தை விட்டுப்போன சொந்தங்கள் எல்லாம் வந்து சேர்கிறார்கள். இந்த முறை யோசித்துத்தான் அனுப்பினேன்; யோசித்தது சரியா என்று தெரியாது. தினம் பத்துப் பக்கம் படிப்பதாகச் சொன்னார். "அந்தக் காரு மாமன எங்கயோ பாத்த மாதிரியே இருக்குது."

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரு போடாம எழுதிக்க" என்றார்.

மாமா ‘வெக்கை’யைத் திருப்பிவிட்டார். ‘ஆதனின் பொம்மை’ குட்டியின் வகுப்பில் மூன்றாவது கை மாறியிருக்கிறது. ‘பூக்குழி’ மட்டும் இன்னும் அத்தை வீட்டில்தான் இருக்கிறது. போன வாரம் வீடியோ காலில் பேசும்போது, பின்னால் சாமி படத்துக்குக் கீழே இருக்கும் ஷெல்ஃபில் அதைப் பார்த்தேன். நான் திருப்பிக் கேட்கவில்லை.